ஆயில் என்ஜினைப் புதுப்பித்தலும் பட்டறை நடத்துதலும்

கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே இரயில் பாதையில் உள்ள சோமனூர், விசைத்தறிக்குப் பேர்போன ஊராகும். இதனைச் சூழ்ந்த கிராமங்களில் மழை குறைவு, சிறிது ஆழத்திலேயே பாறை தட்டும், கிணறுகளோ ஆழமானவை. முற்காலத்தில் இக்கிணறுகளில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தார்கள். பின்னர் ஆயில் என்ஜின் வந்தது. பம்பானது சுமார் 25 அடிக்கு மேல் நீரை உறிஞ்ச மாட்டாதாகையால், கிணற்றுக்குள்ளேயே மேடை அமைத்துப் பம்பை இறக்கவேண்டியிருந்தது. 1932-இல் பைக்காரா மின்சார நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்சார மோட்டார்கள் பரவின. 1990-இல் விவசாயப் பம்புகளுக்கெல்லாம் மின்சாரம் இலவசமானதும் என்ஜின்கள் பெரும்பாலும் மூலையில் ஒதுங்கின. எனினும் என்ஜின் வேலை ஒழிந்துவிடவில்லை. 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு கடுமையாயிருந்தபோது ஜெனரேட்டர் என்ஜின்களுக்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டது. மோட்டார் சைக்கிள், டிராக்டர், லாரி ஆகியவற்றின் என்ஜின்களோ எந்நாளும் பட்டறைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன.

பட்டறைக்கு வரும் என்ஜினுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வருமானம் இருக்கிறது. கதிர் வாங்கும் சமயத்தில் தண்ணீர் நின்றால் சோளம் பத்து நாள் காத்திருக்காது. கூலிக்கு நெய்பவருடைய தறி நின்றால் வாரக் கூலி நிற்கும். அவசரப்பட்டுச் செய்த வேலை ஒரு மாதத்தில் கெட்டுப்போகுமாயின், உடையவருக்கு இரண்டாம் முறையும் செலவு, பட்டறைக்காரருக்குப் பெயர்க்கேடு. ஆகையால் புதுப்பித்தலில் முதன்மையானது கைவேகமன்று, அளந்து பார்த்தலேயாம்.

முதலாவது, திறக்காமலே அறியக்கூடியவற்றை அறிந்துகொள்ள வேண்டும். புகை கறுத்திருந்தால் எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு; நீலமாயிருந்தால் மசகெண்ணெய் எரிகிறது; வெண்மையாயிருந்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது அல்லது நீர் கலந்திருக்கிறது. தறிக்கூடத்தையொட்டி வைத்த ஜெனரேட்டர் கறும்புகை விட்டால், நாசிலைக் கழற்றுமுன் காற்று வடிகட்டியைப் பார்ப்பது நலம். பஞ்சுத் தூசி அப்பிக்கொண்டு என்ஜினை மூச்சுத் திணற வைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்வதற்கு அரை மணி நேரம் போதும். அதற்காக என்ஜினையே பிரித்துப் போடுவது உடையவரை வஞ்சிப்பதற்குச் சமானம். பெட்ரோல் என்ஜினாயின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அழுத்தமானியால் அழுத்தத்தை அளந்து, பின்பு அத்துவாரத்தின் வழியே ஒரு கரண்டி மசகெண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கிலும் போரிலும் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. டீசல் என்ஜினில் இச்சோதனை கூடாது. அதில் எரியறை மிகச் சிறிது. விட்ட எண்ணெய் பிஸ்டனுக்கு மேல் நின்று கன்ராடை வளைத்துவிடக்கூடும்.

பிரிப்பதென்று முடிவு செய்தபின் முறையாகப் பிரிக்க வேண்டும். இவ்விஷயத்தில் இப்பகுதிக்குச் சொந்தமான ஓர் உதாரணம் உண்டு. சோமனூரைப் போலவே சூலூர் வட்டத்தைச் சேர்ந்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வாலிபத்தில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். கோயமுத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் அதைக் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்தே யந்திர வேலையைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர், பின்னர் பெரியதொரு பஸ் கம்பெனியையும் பட்டறைகளையும் உண்டாக்கினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே உருவான மின்சார மோட்டாரை வெளியிட்டார். கோயமுத்தூர் யந்திரத் தொழிலில் ஒரு பெரும்பகுதி இவ்வாறு பழுது பார்த்தலிலிருந்தே பிறந்தது. கழற்றுவது எவர்க்கும் கூடும். கழற்றினதை அதனதன் இடத்தில் திரும்ப வைப்பதிலேதான் கல்வி இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வால்வும் பேரிங் மூடியும் எந்த இடத்தது, எந்தப் பக்கம் முன்னால் நோக்கியது என்று குறியிட்டுத் தனித்தனித் தட்டில் வைப்பது கட்டாயம். ஒன்றின் பேரிங் மூடியை மற்றொன்றில் மாட்டினால் துளை வட்டமாக நில்லாது.

அடுத்தது அளவு. கிராமங்களில் நெடுங்காலம் உழைத்த லிஸ்டர் மாதிரி என்ஜினை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் தோன்றிய இம்மாதிரியை இராஜ்கோட் முதலிய இடங்களில் ஏராளமாகச் செய்தார்கள். 6 குதிரைச் சக்தி கொண்டது நிமிஷத்திற்கு 650 சுற்றுச் சுற்றும். போரின் விட்டம் 4½ அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 5½ அங்குலம். போரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் கிராங்க் தண்டின் நீளவாட்டிலும் அதற்குக் குறுக்காகவும் அளக்க வேண்டும். ரிங் ஏறி நிற்கும் மேல் எல்லையில் வெப்பமும் அழுத்தமும் அதிகம், மசகெண்ணெயோ குறைவு. ஆதலால் தேய்மானம் அங்கேதான் மிகுதி. அழகாய்ப் பளபளக்கும் போர் நல்ல போரென்று நினைப்பது தவறு. முட்டை வடிவாய்த் தேய்ந்த போருக்குப் புது ரிங் மட்டும் போட்டுக் கொடுத்தால் சில வாரங்களில் நீலப்புகை திரும்பிவிடும். அளவு எல்லை மீறினால் போர் எடுத்து அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும், அல்லது லைனரை மாற்றவேண்டும், நடுவழி கிடையாது.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் போருக்குள் இறக்கி, பிஸ்டனின் தலையாலே நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள சந்தைப் பீலர் கேஜினால் பார்க்க வேண்டும். என்ஜின் செய்தவர்களுடைய புத்தகத்தில் அளவு கண்டிருந்தால் அதுவே பிரமாணம். இல்லாதவிடத்து, போர் விட்டம் ஓர் அங்குலத்திற்கு ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு என்பது வழக்கமான கணக்கு. மேற்படி என்ஜினுக்குச் சுமார் 14 முதல் 18 பங்கு வரும். சந்து குறைந்தால் சூட்டில் ரிங் நீண்டு முனையோடு முனை முட்டிப் போரைக் கீறிவிடும். கிராங்க் பேரிங்கில் தண்டின் விட்டம் ஓர் அங்குலத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பதும் அத்தகைய பொதுக் கணக்கே. கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியாயிருக்கிறது’ என்று சொல்வதை விட்டு, மைக்ரோமீட்டரைக் கையிலெடுக்கும் பழக்கத்தைப் பையன்களுக்கு ஆரம்பத்திலேயே உண்டாக்க வேண்டும்.

போரைக் கல்லால் தேய்த்தபின் செய்யவேண்டிய சுத்தத்தில் பல பட்டறைகள் தவறுகின்றன. கெரசினால் மட்டும் கழுவினால் கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே தங்கி, புது ரிங்கை அரம்போல் அராவும். சோப்பும் சுடுநீரும் கொண்டு தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரையில் விடக்கூடாது. பிறகு உடனே எண்ணெய் பூசவேண்டும். சோமனூரில் நூல் வேஸ்ட் எளிதில் கிடைக்கும். வெளிப்புறம் துடைக்க அது நல்லது, உட்பாகங்களுக்கு ஆகாது. அதன் பிசிர் எண்ணெய் வழியை அடைத்து, புதுப் பேரிங்கை ஒரு மணி நேரத்தில் எரித்துவிடும்.

இக்காலத்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வேகத்தை ஏற்றித் தரும்படி கேட்கிறார்கள். கோயமுத்தூரில் இவ்வாசை புதிதன்று. பந்தயக் கார்களை ஓட்டியும் அமைத்தும் புகழ்பெற்ற கரிவரதனின் பெயரால் செட்டிபாளையத்தில் 2003-இல் பந்தயப் பாதையே திறக்கப்பட்டது. ஆனால் வேக என்ஜினின் இலக்கணம் வேறு. சுற்று இரட்டித்தால் பிஸ்டனை இழுத்து நிறுத்தும் விசை நான்கு மடங்காகும். மேற்சொன்ன கிணற்று என்ஜினையும், 50 மில்லிமீட்டர் ஓட்டத்துடன் நிமிஷத்திற்கு 10,000 சுற்றுச் சுற்றும் சிறு என்ஜினையும் ஒப்பிட்டால், ஒரே எடைக்கு இதில் விசை ஏறக்குறைய 85 மடங்கு. ஆகையால் அங்கே பொறுக்கப்படும் குற்றம் இங்கே கன்ராடை உடைக்கும். கன்ராட் போல்ட்டுகளைக் கைப்பழக்கத்தால் முறுக்காமல் டார்க் ரெஞ்சினாலேயே முறுக்க வேண்டும். பல சிலிண்டராயின் பிஸ்டன்களைத் தராசில் நிறுத்து எடையைச் சமப்படுத்த வேண்டும்.

அழுத்த விகிதத்தை உயர்த்துவதற்கு ஹெட்டைச் சீவுவது வழக்கம். 150 கன சென்டிமீட்டர் என்ஜினில் எரியறை 16.7 ஆனால் விகிதம் சுமார் 10. அறையை 15 ஆக்கினால் 11. அதாவது 1.7 கன சென்டிமீட்டர், ஒரு சிறு கரண்டி அளவுகூட இல்லை, விகிதத்தை ஒரு படி ஏற்றுகிறது. அதற்குமேல் ஆசைப்பட்டால் பெட்ரோல் காலத்திற்கு முன்னே வெடித்துப் பிஸ்டன் தலை உருகும். வால்வும் பிஸ்டனில் முட்டக்கூடும். முட்டுமா என்றறிய, பிஸ்டன் தலையில் களிமண் உருண்டையை அப்பிப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை வெட்டி அதன் கனத்தை அளக்கலாம். பந்தயப் பாதைக்கென்று செய்வது ஒன்று. பதிவு செய்த வண்டியை மாற்றுவது வேறு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறதென்பதைப் பட்டறைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பணம் வாங்குவது நியாயமல்ல.

பட்டறையின் வரவுசெலவில் கெடுதல் வரும் வழி பெரும்பாலும் ஒன்றே. என்ஜினைத் திறக்குமுன் ஒரு தொகையை வாய்ச்சொல்லாகச் சொல்லுதலும், திறந்தபின் அது போதாமல் தகராறு செய்தலுமாம். இதற்கு மாற்று, மதிப்பீட்டை இரண்டாகப் பிரிப்பது. பிரித்து அளந்து பார்ப்பதற்கு ஒரு கூலி. அது என்ஜினைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் உண்டு. அளந்த அளவுகளைத் தாளில் எழுதி, உடையவரிடம் காட்டி, அதன்பின் சாமானுக்கும் வேலைக்கும் தனித்தனியே தொகை குறிக்க வேண்டும். சாமான் விலையை முன்பணமாக வாங்கிவிடலாம். கூலியை ஒப்படைக்கும்போது வாங்கலாம். சாமானுக்குக் கைப்பணத்தைப் போட்டு, அறுவடைக்குத் தருவார்களென்று காத்திருந்து மூடிய பட்டறைகள் உண்டு. கழற்றின பழைய பிஸ்டன், ரிங், பேரிங் யாவையும் ஒரு பையிலிட்டு உடையவரிடமே திருப்பிக் கொடுப்பது, ஆயிரம் வார்த்தையைவிட நம்பிக்கை தரும். போர் எடுக்கும் யந்திரத்தைக் கடன்பட்டு வாங்குவதைக் காட்டிலும், ஆரம்பத்தில் அவ்வேலையை நகரத்து லேத்துப் பட்டறைக்குக் கூலிக்குக் கொடுத்து, திரும்பி வந்ததைத் தானே அளந்து ஏற்பது மேல்.

பூட்டி முடிந்த என்ஜினை மூடிய அறையில் ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு மணமற்றது, ஆளைக் கொல்லவல்லது. கிணற்றுக்குள் வைத்து ஓட்டுவோரும் இதை அறியவேண்டும். முதலில் கையால் சுற்றி எண்ணெய் எல்லாவிடத்தும் ஏறவிட்டு, பின்பு பாரமின்றிச் சற்று நேரமும், அதன்பின் குறைந்த பாரத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுநேரம் பாரமின்றி ஓடவிட்டால் ரிங் போரோடு படியாமல் போர் மெருகேறிவிடும். ஆகவே மிதமான பாரம் அவசியம். முதல் எண்ணெயில் புது உலோகத்தின் பொடி கலந்திருக்குமாதலால், அதை விரைவிலேயே வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். எந்த நாளில் ஊற்றியது, அடுத்தது எத்தனை மணி நேர ஓட்டத்திற்குப் பின் என்பதை ஒரு தகட்டில் எழுதி என்ஜின் மேலேயே கட்டிக் கொடுத்தல் நன்று. சீட்டுத் தொலையும், தகடு தொலையாது.