சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாற்றலாமா?

கேள்வி: ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். அடியில் தண்ணீரை வடிகட்டும் சம்ப் உண்டு. ஆஸ்கார் ஆறு, சில்வர் அரோவானா ஒன்று. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறேன். மாற்றுவதற்கு முன் நைட்ரேட் 80, மாற்றிய பின் 40 என்று சோதனைக் கிட் காட்டுகிறது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஞாயிறுதோறும் ஓஸும் வாளியுமாக நிற்க இடுப்பு ஒத்துழைப்பதில்லை. நாள் முழுவதும் தண்ணீர் தானாக வந்து தானாக வெளியேறும்படி செய்யலாம் என்கிறார்கள். எங்கள் பிளம்பரோ சம்பில் ஒரு மிதவை வால்வு மாட்டினால் போதும் என்கிறார். மாடித் தொட்டியில் மாநகராட்சித் தண்ணீர் வருகிறது. பற்றாக்குறை வந்தால் போர் தண்ணீரை ஏற்றுவோம். வீட்டின் பின்னால் வாழையும் இரண்டு தென்னையும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: செய்யலாம். வாழையும் தென்னையும் இருப்பதால்தான் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் மிதவை வால்வை விட்டுவிடுங்கள். ஆவியாகிப் போன அளவுக்குத் தண்ணீரை நிரப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஆவியாவது வெறும் நீர்தான். உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். நிரப்ப நிரப்ப அவை கூடிக்கொண்டே போகும். தண்ணீர் மாற வேண்டுமானால் பழையது வெளியேறியாக வேண்டும்.

உங்கள் தொட்டி ஏறத்தாழ 1,000 லிட்டர் பிடிக்கும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எண்களே நிறையச் சொல்கின்றன. பாதி மாற்றியதும் 80 சரிபாதியாகக் குறைகிறதென்றால், வருகிற தண்ணீரில் நைட்ரேட் அநேகமாக இல்லை. மீன்கள் ஒரு வாரத்தில் சேர்ப்பது லிட்டருக்கு 40 மில்லிகிராம். சரி, இப்போது செலவழிக்கும் அதே 500 லிட்டரை வாரம் முழுக்கச் சொட்டவிட்டால் நைட்ரேட் எங்கே போய் நிற்கும்? 80-இல் நிற்கும். இப்போது வாரத்தில் ஒருநாள் மட்டும் தொடுகிற உச்ச அளவு, அப்போது எல்லா நாளும் இருக்கும். சொட்டும் புதுத் தண்ணீர் பழையதோடு கலந்துவிடுவதால், வெளியேறுவதில் புதுத் தண்ணீரும் கொஞ்சம் போய்விடுகிறது. 1,000 லிட்டர் முழுவதையும் சொட்டவிட்டாலும் உள்ளே மாறியிருப்பது சுமார் 63 சதவீதம்தான். சொட்டு முறை தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலை குறையும், மீன்களுக்கு ஏற்ற இறக்கம் இல்லாத தண்ணீர் கிடைக்கும். இந்த இரண்டுக்காகத்தான் அதைச் செய்கிறோம்.

சொட்டு நீர்ப் பாசனச் சாமான் விற்கும் கடையில் மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் மலிவாகக் கிடைக்கும். ஒன்று போட்டால் நாளுக்கு 96 லிட்டர் வரும், நைட்ரேட் 60-இல் நிற்கும். இரண்டு போட்டால் 192 லிட்டர், நைட்ரேட் 30. இரண்டாவதைப் போடக் கை நீளும். ஆனால் நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு ஒருநாளைக்கு 135 லிட்டர் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். அதைவிட அதிகமாக ஒரு மீன் தொட்டிக்குச் செலவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு டிரிப்பரோடு நிறுத்துங்கள், தீனியில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். நைட்ரேட் 40-க்கு வந்துவிடும். வளர்ந்த ஆஸ்கார்களுக்கு நம் வீடுகளில் தேவைக்கு மேல்தான் தீனி விழுகிறது.

வருகிற குழாயில் முதலில் ஸ்பன் ஃபில்டர், அடுத்து கார்பன் பிளாக், அதன்பிறகு டிரிப்பர் என்று வரிசை இருக்கட்டும். மணலும் துருவும் டிரிப்பரை அடைத்துவிடும், அதற்கு ஸ்பன். குளோரினுக்குக் கார்பன். மெதுவாகப் போகும் தண்ணீரில் கார்பன் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அது தீர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே டிரிப்பரிலிருந்து விழும் தண்ணீரை வாரம் ஒருமுறை குளோரினைச் சோதிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் தெரிந்தால் அன்றே கார்பனை மாற்ற வேண்டும். டிரிப்பரில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் பத்து மீட்டர் உயர அழுத்தத்துக்கானது. மாடித் தொட்டியிலிருந்து அவ்வளவு அழுத்தம் கிடைக்காது. ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள், கால் மணி நேரத்தில் நிரம்ப வேண்டும். அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை டிரிப்பர் குறைந்த அழுத்தத்தில் சரியாக ஓடாது, சாதாரண வகையே போதும். மே மாத வெயிலில் மாடித் தண்ணீர் கொதிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 40 டிகிரித் தண்ணீர் மணிக்கு 4 லிட்டர் விழுந்தாலும் 1,000 லிட்டரில் ஒரு மணி நேரத்துக்கு 0.05 டிகிரிகூட ஏறாது.

இந்தக் குழாயின் முனை எக்காரணத்தைக் கொண்டும் மீன் தொட்டித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. இரண்டு அங்குலம் மேலேயே நிற்கட்டும். மாடித் தொட்டி காலியாகி, கீழே யாராவது ஒரு குழாயைத் திறந்தால் மீன் தொட்டித் தண்ணீர் வீட்டுக் குழாய்க்குள் இழுபட்டுவிடும்.

வெளியேறும் வழியில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சம்பின் பக்கவாட்டில், மோட்டார் இருக்கும் அறையில், ஓர் அங்குல டேங்க் நிப்பிள் போட்டு வெளியே குழாய் இழுங்கள். அதற்கு ஓர் அங்குலம் மேலே அவசரத்துக்கு இன்னொன்று. முதல் குழாயை ஒரு நத்தையோ இலையோ அடைத்தால் தரை நனையாமல் காப்பாற்றுவது அதுதான். டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் துளை போட முடியாது, நொறுங்கிவிடும். புதுத் தண்ணீர் பெரிய தொட்டியில் விழட்டும். சம்பிலேயே விழுந்தால் கலக்காமல் நேராக வெளியே ஓடிவிடும்.

கரண்ட் போகும்போது மீன் தொட்டியின் தண்ணீர் கொஞ்சம் சம்புக்குள் இறங்கும். வழக்கமான சம்பில் அது தேங்கி நிற்கும். இனி அது வடிகால் வழியாக வெளியே போய்விடும். கரண்ட் வந்ததும் மோட்டார் அதே அளவைத் திரும்ப மேலே ஏற்றும்போது சம்ப் வற்றி மோட்டார் வெறுமனே ஓடும். மணிக்கு 4 லிட்டர் சொட்டை வைத்து அதை நிரப்பப் பல மணி நேரம் ஆகும். மேலே ஏறும் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிச் சிறு துளை போடுங்கள், காற்று புகுந்து பின்னோட்டம் அறுந்துவிடும். மோட்டாரை ஒருமுறை நிறுத்தி, மறுபடி போட்டு, அப்போதும் அது முழுகியே இருக்கிறதா என்று நின்று பார்த்த பிறகே சொட்டைத் திறந்துவிடுங்கள்.

போர் தண்ணீர் ஏற்றும் காலத்தில் அதையும் சோதியுங்கள். வருகிற தண்ணீரில் 30 நைட்ரேட் இருந்தால் தொட்டியில் அந்த 30-ம் கூடச் சேரும். இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்சமே 45.

மருந்து விடும் நாட்களில் சொட்டு வரும் குழாயின் வால்வை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து கரைந்து போய்விடும். அடியில் படியும் கழிவைச் சொட்டு எடுக்காது. மாதம் இரண்டு முறை டியூப் வைத்து உறிஞ்சுவதும், சம்பின் பஞ்சைக் கழுவுவதும் தொடர வேண்டும். இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சில்வர் அரோவானா மூன்றடிவரை வளரும். இரண்டரை அடி அகலத்தில் அதனால் சிரமமின்றித் திரும்ப முடியாது. இப்போதே அதற்கு அகலமான இடம் தேடத் தொடங்குங்கள்.

வடியும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம். உப்புப் போட்டு வைத்தியம் பார்த்த பிறகு, அந்த உப்பு வெளியேறும்வரை மட்டும் அதை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். ஏரிக்கோ வாய்க்காலுக்கோ விடவே கூடாது. தொட்டிகளிலிருந்து போன டேங்க் கிளீனர் மீன் தமிழக ஏரிகளில் பெருகிக் கிடப்பது போதும். தண்ணீரைக் குடிக்கச் செடியோ மரமோ இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இந்த முறைக்கு வர வேண்டாம். வாரம் ஒருமுறை மாற்றுவதே அவர்களுக்குச் சரி.

கோடையில் மாடித் தொட்டி வற்றத் தொடங்கினால் வீட்டில் முதலில் மூட வேண்டியது மீன் தொட்டியின் வால்வைத்தான். சொட்டு நின்றாலும் நைட்ரேட் நாளுக்கு 4, 5 மில்லிகிராம்தான் ஏறும். தீனியைப் பாதியாக்கினால் மீன்கள் பத்து நாள் தாங்கும்.