பேணுதலும் காத்தலும்: அந்தமான் இல்லங்கள் தரும் பாடம்

பிறர் துணையின்றி வாழ இயலாத குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரைப் பேணுவது நல்வாழ்வு அரசின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும். உணவும் உறைவிடமும் மருத்துவமும் அளித்துவிட்டால் அக்கடமை நிறைவேறிவிட்டதாகக் கருதுவோர் பலர். ஆனால் பேணுதல் வேறு. தீங்கினின்று காத்தல் வேறு. பேணும் பொறுப்பை ஏற்பவரிடம் அதிகாரமும் வந்து சேருகிறது. அவ்வதிகாரத்தைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லாவிடில் காப்பகமே தீங்கின் இருப்பிடமாகிவிடும். அந்தமான் தீவுகளின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

1863ஆம் ஆண்டின் இல்லம்

1858இல் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவியது. அப்பொழுது பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் சில ஆயிரவர் வாழ்ந்தனர் என மதிப்பிடப்படுகிறது. 1863இன் தொடக்கத்தில் கடற்படைக் காவலர் ஒருவரை அவர்கள் கொன்றனர். அதற்காக இருவர் சிறைப்படுத்தப்பட்டனர். அக்காவலர் பெண்ணொருத்தியிடம் முறைகேடாக நடக்க முயன்றதே கொலைக்குக் காரணம் என்பது பின்னரே தெரியவந்தது.

அதே ஆண்டில் குடியேற்றத்தின் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். (அத்தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது.) உணவும் உடையும் கல்வியும் அளித்து அம்மக்களை நாகரிகப்படுத்துவதே அதன் நோக்கம் எனப்பட்டது. எனினும் அங்கிருந்தோர் தம் விருப்பப்படி வெளியேற இயலவில்லை; தப்பிச் சென்றோர் மீண்டும் பிடித்துவரப்பட்டனர்.

பின்னர் வேறு இடங்களிலும் இத்தகைய இல்லங்கள் தோன்றின. அவற்றின் அன்றாட மேற்பார்வை கைதிகளிடமே விடப்பட்டது. 1876இல் மேகநோய் பரவியிருப்பது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் தட்டம்மை பெருமளவில் உயிர்களைப் பறித்தது. மக்கள் வந்து தங்கித் திரும்பும் இடங்களாக இல்லங்கள் இருந்தமையால் நோய் காடுகளுக்குள்ளும் சென்றது. இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றேனும் இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று பதிவுகள் கூறுகின்றன. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர் மட்டுமே.

தவறியது எங்கே?

இந்த அழிவுக்கு நோய் முதற்காரணம். ஆயினும் நிர்வாகத்தின் குறைகள் மூன்று இங்குப் புலனாகின்றன. முதலாவது, பேணப்பட்டோர்க்கு வெளியேறும் உரிமை இல்லை. இரண்டாவது, அவர்தம் மொழியில் முறையீட்டைக் கேட்பார் இல்லை. மூன்றாவது, பொறுப்பாளரின் தகுதியையும் நடத்தையையும் வெளியார் ஆராயவில்லை. நல்ல நோக்கம் இம்மூன்றில் ஒன்றையும் ஈடுசெய்யவில்லை.

சட்டங்கள் அளிக்கும் காப்பு

விடுதலைக்குப் பின் இப்பழங்குடியினருக்கென 1956இல் தனிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. ஆயினும் ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் நடனமாடச் செய்த காட்சிப் பதிவு 2012 ஜனவரியில் வெளியாகி நாட்டை அதிரச் செய்தது. அவ்வாண்டே ஒழுங்குமுறை திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

நாடு முழுமைக்குமான சட்டங்கள் மேற்கூறிய மூன்று குறைகளுக்கும் விடை காண முயல்கின்றன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியே ஆகும். காப்பகங்களை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும், மூவருக்குக் குறையாத குழு நேரில் ஆய்வு செய்தல் வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இடம்பெறுதல் வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் அதனைத் தெரிவிப்பது கட்டாயம். தம் கீழ்ப் பணியாற்றுவோரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தை தன் மொழியில் பேச மொழிபெயர்ப்பாளரையும் அச்சட்டம் அளிக்கிறது. மாற்றுத் திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ நீரோ மறுக்கும் பொறுப்பாளரை 2016ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கிறது.

முதியோர் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரையும் மூத்தோரையும் கைவிடுதலைக் குற்றமாக்குகிறது. ஆனால் முதியோர் இல்லங்களுக்குக் காலாண்டு ஆய்வை அது கட்டாயமாக்கவில்லை. நிர்வாகம் தானே முன்வந்து இக்குறையைப் போக்குதல் நலம்.

பணியாளர் கடமை

சட்டம் ஏட்டில் இருப்பதால் மட்டும் பயன் விளையாது. பணியில் அமர்த்துமுன் ஒருவரின் முன்வரலாற்றை விசாரித்தல் வேண்டும். ஒரே பணியாளரின் தனிப்பொறுப்பில் எவரையும் நெடுங்காலம் விடலாகாது. முறையிடும் வழி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்டுவதாக அமைதல் வேண்டும். குழந்தைகளுக்கான 1098, முதியோருக்கான 14567 ஆகிய தொலைபேசி எண்களை அனைவரும் காணும் இடத்தில் எழுதிவைத்தல் எளிது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பதிவேடுகளைப் பார்ப்பதோடு நில்லாது, அங்கு வாழ்வோரிடம் பொறுப்பாளர் இல்லாத நேரத்தில் தனியே உரையாடுதல் இன்றியமையாதது. ராஸ் தீவின் இல்லத்தில் உணவு வழங்கப்பட்டது. அங்கிருந்தோரின் சொல் மட்டும் கேட்கப்படவில்லை.