சீஸ் மூடியில் வார்த்த தமிழ் எழுத்து

பவுண்டரியில் மணல் இடித்து மோல்டு எடுத்துப் பழகிய நமக்கு, 300 வருஷத்துக்கு முன்பு நம்ம கடற்கரையில் நடந்த ஒரு வார்ப்பு வேலையைச் சொன்னால் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பார்த்தலோமேயு சீகன்பால்க் ஜெர்மனியில் 1682-ல் பிறந்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, புளூட்சௌ என்பவரோடு 1706 ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் இவர்கள்தான். அனுப்பியது மன்னர். ஆனால் அதே மன்னரின் கவர்னருக்கு இவரைக் கண்டாலே ஆகாது. 1708 கடைசியில் பிடித்து நாலு மாசம் கோட்டைச் சிறையில் போட்டுவிட்டார்!

தமிழை அவர் படித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிப் படித்து, 1708-லேயே பட்டியலும் போட்டுவிட்டார்.

அப்புறம் அச்சு. தமிழில் முதன்முதல் அச்சடித்தவர் இவர்தான் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. கொல்லத்தில் 1578-லேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் அந்தத் தொழில் இடையில் நின்றுபோயிருந்தது.

இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் ஏற்றி வந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி மீண்டது. கூட வந்த அச்சுக்காரர் நடுவழியில் இறந்துபோனார். மெஷின் மட்டும் வந்தது, ஓட்ட ஆளில்லை. நல்லவேளை, கம்பெனிச் சிப்பாய் ஒருவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருந்தது. முதலில் போர்த்துகீசிய மொழியில் அச்சடித்தார்கள். தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-ல் வந்தன.

வந்ததைப் பார்த்தால் எல்லாம் பெரிய சைஸ்! காகிதமோ கப்பலில் வரவேண்டிய சரக்கு. கொஞ்சம் கணக்குப் போடுங்கள்: எழுத்தின் உயரமும் அகலமும் பாதியானால் அது பிடிக்கும் இடம் கால் பங்குதான். பெரிய எழுத்திலேயே போனால் புதிய ஏற்பாடு முடியுமுன் காகிதம் தீர்ந்துவிடும். அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்க்கத் துணிந்தார்கள். அச்செழுத்து வேலை லேசானதல்ல. எஃகில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழி எடுத்து, அந்தக் குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றவேண்டும். விழுப்புரம், திண்டிவனம் கடைத்தெரு அச்சகங்களில் ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பொறுக்கிக் கோத்தார்களே, அந்த ஈய எழுத்துக்கள் இந்த வழியில் வந்தவைதான். சரி, ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று சொல்வார்கள்.

1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன. சீகன்பால்க் ஐரோப்பா போயிருந்தபோது, 1715-ல், கூட்டாளி க்ரூண்ட்லர் முழுப் புதிய ஏற்பாட்டையும் முடித்தார். பொறையாரில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள், நீடிக்கவில்லை.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதி அனுப்பிய பெரிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது வெளிவந்தது 1867-ல், நம்ம சென்னையில்!

டென்மார்க்கிலிருந்த மிஷன் நிர்வாகத்தோடு கடைசிவரை கடிதச் சண்டைதான். 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்தார். விழுப்புரத்தில் ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்கினால் தரங்கம்பாடிக்குப் பஸ் உண்டு. அவர் 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் இருக்கிறது. கல்லறை அதற்குள்ளேயே.