துருவனுக்குத் துணைநின்ற மூவர்

தந்தையின் மடியில் ஏற விரும்பிய ஐந்து வயதுத் துருவனைச் சிற்றன்னை சுருசி சுடுசொல்லால் தடுத்தாள். மன்னன் உத்தானபாதன் வாய் திறவாதிருந்தான். குழந்தையை இரண்டு காயங்கள் தாக்கின: ஒன்று வசைச்சொல், மற்றொன்று காக்க வேண்டியவரின் மௌனம். இளமையில் படும் இத்தகைய காயங்கள் பிற்காலத்தில் என்ன செய்கின்றன?

மைசூரு காட்டும் உண்மை

இக்கேள்வியை ஆராய்ந்த ஊர்களுள் மைசூருவும் ஒன்று. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98-இல் பதிவு செய்யப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகளை, அவர்கள் இளைஞராகும்வரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். பின்னர், பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்திய ‘சி-வேதா’ என்னும் இந்திய-பிரிட்டன் கூட்டாய்வின் ஏழு மையங்களுள் ஒன்றாக மைசூருவும் சேர்ந்தது. 6 முதல் 23 வயதுவரையுள்ள 9,000-க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். அடி, புறக்கணிப்பு, வீட்டு வன்முறை போன்ற துன்பங்கள் பெருகப் பெருக, புகையிலை, மது முதலியவற்றை நாடும் வாய்ப்பும் பெருகுவதை 2021-இல் வெளியான முடிவுகள் காட்டின. அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோரின் ஆய்வும் இத்தகைய தொடர்பையே முன்பு கண்டிருந்தது.

காரணம் என்ன? அச்சத்திலேயே வாழும் குழந்தையின் உடல் ஓயாத எச்சரிக்கை நிலையில் இருக்கிறது. கார்டிசால் போன்ற சுரப்புகளின் ஒழுங்கு குலைகிறது. உணர்ச்சிக்குக் கடிவாளமிடும் முன்மூளையோ ஏறக்குறைய 25 வயதில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. ஆகவே மதுவும் கண்மூடித்தனமான வேகமும் வலியை மறக்கும் வழிகளாக இளைஞனுக்குத் தோன்றுகின்றன. பெரியவர்கள் தீயொழுக்கத்தை மட்டும் காண்கின்றனர். அதன் அடியிலுள்ள புண்ணைக் காண்பதில்லை.

விதி அன்று, வடு

அனுபவங்கள் சித்தத்தில் பதிக்கும் தடத்தை யோக நூல்கள் ‘சம்ஸ்காரம்’ என்கின்றன. தடம் ஆழமானது, ஆயினும் அது ஆன்மா அன்று. புதிய நற்பழக்கத்தால் பழைய தடத்தை வலுவிழக்கச் செய்யலாம். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். கடுந்துன்பச் சூழலில் பிறந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் நல்லவர்களாய், திறமை மிக்கவர்களாய் உயர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான துணை, நிலையான அன்புடைய ஒரு பெரியவரேனும் அருகில் இருந்தது. அவர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

துருவனுக்கு அத்தகையோர் மூவர் வாய்த்தனர். தாய் சுநீதி அவனது வலியைப் பொய்யென்று மறுக்கவில்லை, பகையையும் வளர்க்கவில்லை, இறைவனைச் சரணடையச் சொன்னாள். வழியில் சந்தித்த நாரதர் அவன் உறுதியைச் சோதித்தறிந்து, மந்திரமும் தியான முறையும் தந்தார். மூன்றாமவரைப் பலர் மறந்துவிடுகின்றனர். இறைக்காட்சி பெற்று அரசனான பின்னும், தம்பி உத்தமனை ஒரு யட்சன் கொன்றபோது, சினம் மூண்டு குற்றமற்ற யட்சர்களையும் துருவன் கொன்று குவித்தான். பாட்டனார் மனு போர்க்களத்திற்கே வந்து அறிவுரை கூறித் தடுத்தார். துருவனும் பணிந்தான்.

ஒருமுறை கூறும் உபதேசத்தால் எல்லாம் ஆறிவிடும் என்று எண்ணுவோர்க்கு இது பாடம். தடுமாறும்போதெல்லாம் பெரியவர் மீண்டும் வர வேண்டும். அவமதிக்க அல்ல, தாங்கிப் பிடிக்க.

நம் கடமை

பிள்ளை பேசும்போது குறுக்கிடாமல் கேட்பதும், நாள்தோறும் ஒரே வேளையில் உணவும் பிரார்த்தனையும் அமைப்பதும் எளிய தொடக்கங்கள். ஆனால் குழந்தை வதைக்கப்படுகிறது என்று தெரிந்தால், பிரார்த்தனையோடு நின்றுவிடுவது உத்தானபாதனின் மௌனமே ஆகும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ உடனே அழைக்க வேண்டும். மனம் உடைந்த இளைஞருக்கு 14416 என்ற ‘டெலி-மானஸ்’ எண் உண்டு. மருத்துவரை நாடுவது பக்திக் குறைவு ஆகாது.

சிந்தனைக்கு

1. நம் வீட்டில், தெருவில், பள்ளியில் மடி கிடைக்காமல் நிற்கும் துருவன் யார்?

2. அவனுக்கு நாம் இதுவரை சுநீதியாக இருந்தோமா, உத்தானபாதனாக இருந்தோமா?