முயலின் குணமறிந்து பழக்குதல்

கமக்காரர் சிலருடைய வளவுகளில் முயற்கூடுகள் காணப்படுகின்றன. பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் விருப்பத்துக்காக வாங்கப்பட்ட இரண்டொரு முயல்களே அவை. தோட்டத்துப் புல்லும் களையும் அவற்றுக்கு உணவாகின்றன. அவற்றின் எரு கத்தரிப் பாத்திக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் நற்பசளையாகின்றது. ஆயினும் வாங்கிச் சில கிழமைகள் செல்லுமுன்னரே, "இது கடிக்கின்றது, பிறாண்டுகின்றது, கிட்டப் போனால் மூலையில் ஒதுங்குகின்றது" என்று எம்மிடம் முறையிடுவோர் உளர். விசாரித்துப் பார்த்தால், குற்றம் அநேகமாக முயலின்மேல் இருப்பதில்லை.

முதற்கண் ஒன்றை அறிதல் வேண்டும். நமது வயலோரப் பற்றைகளில் வாழும் காட்டுமுயல் வேறு, கூட்டில் வளர்க்கும் முயல் வேறு. காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயலின் முன்னோரோ ஐரோப்பாவின் ஐபீரியக் குடாநாட்டில் நிலத்தைக் குடைந்து, கூட்டமாக வாழ்ந்தவை. அவற்றின் குட்டி மயிரின்றி, கண் மூடியபடி பிறந்து, ஏறக்குறைய 10 நாளிற் கண் திறக்கும். ஆதலால் வளர்ப்பு முயலுக்கு ஓடி ஒளிய ஓர் இருண்ட இடம் உணவைப்போலவே அவசியம். கூட்டின் ஒரு பக்கத்திற் பழைய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, நுழைவாயில் வெட்டிவிட்டாலே போதும். ஒளியுமிடம் உள்ள முயல் துணிந்து வெளியே வரும். அஃது இல்லாத முயல் நாள் முழுதும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

முயல் பிற பிராணிகளுக்கு இரையாகும் சாதி. பருந்து, நாய், கீரி முதலியவற்றுக்குத் தப்பிப் பிழைத்த வமிசமாதலால், அதன் உடலமைப்பும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் பின்னால் வருபவரையும் அது காணும். ஆனால் தன் மூக்குக்கு நேர் முன்னே உள்ளதைக் காணாது. மேலிருந்து இறங்கும் கையைப் பருந்தென எண்ணும்; மூக்கின் நேரே நீட்டிய விரலைத் திடீரென உணர்ந்து கடிக்கும். எனவே கையைப் பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக, மெதுவாகக் கொண்டுசென்று, நெற்றியையும் கன்னத்தையும் தடவுதல் நன்று. நாடியின் கீழும் பாதத்திலும் தொடுவதைப் பெரும்பாலான முயல்கள் விரும்புவதில்லை.

காதைப் பிடித்துத் தூக்குதல் நம் நாட்டில் இன்னும் காணப்படும் தீய வழக்கம். நான் பண்ணைப் பாடசாலையில் மாணவனாயிருந்தபோது, சந்தையில் வியாபாரிகள் செய்வதைப் பார்த்துப் பழகிய நானும் அவ்வாறே ஒரு பெட்டை முயலைத் தூக்கினேன். அது ஒருமுறை பலமாக உதைத்தது. உடனே அதன் பின்கால்கள் இரண்டும் தளர்ந்து தொங்கின. முயலின் பின்கால் தசை மிக்க வலியது, எலும்போ மெல்லியது. தாங்குதலின்றித் தொங்கும்போது உதைத்தால் அதன் முதுகெலும்பு தானே முறிந்துவிடும். அந்த முயல் பிழைக்கவில்லை. ஆகவே தூக்க வேண்டின், ஒரு கையை நெஞ்சின் கீழும் மற்றக் கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, உங்கள் உடலோடு அணைத்துத் தூக்குக. கூட்டில் விடும்போது பின்புறம் முதலில் உட்செல்லல் வேண்டும். தலை முதலிற் சென்றால் பாய்ந்து அடிபடும். சிறு பிள்ளைகள் தூக்கவே கூடாது. பாயில் உட்கார்ந்து, முயலைத் தம்மிடம் வரவிடட்டும்.

மல்லாத்திப் பிடித்தால் முயல் அசைவற்றுக் கிடக்கும். இதனைச் சாந்தமென மயங்குவோர் பலர். அஃது அச்சத்தின் உச்சமேயன்றிச் சாந்தமன்று.

பழக்கும் முறை மிக எளிது. பொறுமை ஒன்றே செலவு. முயல் விடியற்காலையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாயிருக்கும், நடுப்பகலில் உறங்கும். வயலுக்குப் புறப்படுமுன்னும் வீடு திரும்பியபின்னும் கமக்காரனுக்குக் கிடைக்கும் வேளையும் அதுவே. அவ்வேளைகளிற் பத்து நிமிடம் கூட்டின் அருகே தரையில் அமர்ந்திருங்கள். தொடவேண்டாம். தாழ்ந்த குரலில் ஏதேனும் பேசுங்கள். சில நாளில் அது முகர வரும். அதன்பின் வற்றாளைக் கொடியின் தளிரையோ வேறு விருப்பமான இலையையோ கையிலிருந்து உண்ணக் கொடுங்கள். கையிலிருந்து உண்ட முயல் மறுகிழமை தடவவும் இடங்கொடுக்கும். சிலவற்றுக்கு இரு மாதமும் செல்லும். அதற்காகச் சினந்து பயனில்லை. இடையில் ஒருநாள் துரத்திப் பிடித்தால், தொடங்கிய இடத்துக்கே திரும்பவேண்டியதாகும்.

முயல் அதிகம் குரல் எழுப்பாது, உடலாலேயே பேசும். பின்காலால் தரையை ஓங்கி அறைந்தால் அபாயம் உண்டென அறிவிக்கின்றது. கூட்டைச் சுற்றிப் பாம்போ நாயோ உண்டாவெனப் பாருங்கள். காதை முதுகோடு படியவைத்து, உறுமி முன்னே பாய்ந்தால் கையை எடுத்துவிடுங்கள். நாடியைப் பொருள்களில் உரசுதல் தன் மணத்தைப் பதித்து உரிமை கொண்டாடுதலாகும். திடீரெனத் துள்ளி, அந்தரத்தில் உடலைத் திருப்புவது மகிழ்ச்சியின் குறி. பக்கவாட்டில் தொப்பென விழுந்து கிடப்பதைக் கண்டு செத்துவிட்டதென அலறியடித்து வந்தோரும் உண்டு. அது பயமற்ற முயலின் உறக்கம். தடவும்போது பல்லை மெல்ல உரசினால் இன்பம். கூனிக்குறுகியிருந்து உரக்க நறநறவெனக் கடித்தால் நோவு. தன் மலத்துள் மென்மையான ஒருவகையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். இஃது இயற்கை, தடுக்கவேண்டாம்.

மரக்கறிச் செய்கையாளர் ஒருவர், தமது பெட்டை முயல் ஈன்ற குட்டிகளைத் தானே கொன்றுவிட்டதென்றும், இனி அது கறிக்கே உதவும் என்றும் கூறினார். சென்று பார்த்தேன். கூடு நீரிறைக்கும் இயந்திரத்தின் அருகே இருந்தது. இரவில் நாய்கள் கூட்டின் கீழே படுத்தன. பிள்ளைகள் நாள்தோறும் பலமுறை ஈற்றுப்பெட்டியைத் திறந்து பார்த்திருந்தனர். தாய் குட்டிகளுடன் படுப்பதில்லையாதலால் அவை பட்டினி கிடக்கின்றன என்பது அவர்கள் கவலை. உண்மையில் தாய்முயல் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ, சில நிமிடமே பால் கொடுக்கும்; எஞ்சிய நேரம் விலகியிருப்பது பகைவருக்குக் குட்டியின் இடத்தைக் காட்டாதிருக்கவே. கூட்டை வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றி, நாய் அணுகாது அடைத்து, தண்ணீர் எப்பொழுதும் இருக்கச் செய்தோம். அடுத்த சூல் 31 நாளில் முடிந்தது. தாய் தன் மயிரைப் பிடுங்கிப் படுக்கை அமைத்து, ஆறு குட்டிகளையும் வளர்த்தது. தாய் உங்களோடு பழகியதாயின், முதற் கிழமையில் நாளுக்கொருமுறை சுத்தமான கையாற் குட்டிகளைத் தொட்டுப் பார்க்கலாம். அவ்வாறு மனித வாசனை அறிந்த குட்டிகள் பின்னர் எளிதிற் பழகும்.

பருவமடைந்த ஆண்கள் இரண்டை ஒரே கூட்டில் விடாதீர்கள், கொடிதாகச் சண்டையிடும். முயலுக்கு வியர்வை இல்லை. 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது துன்புறுமாதலால் கூடு நிழலில், காற்றோட்டமாக இருக்கட்டும். பூச்சிநாசினி தெளித்த பாத்தியின் இலையையோ வரம்புப் புல்லையோ ஒருபோதும் இடாதீர்கள். முயல் வாந்தியெடுக்க இயலாத பிராணி. நேற்று ஓடிவந்து உண்ட முயல் இன்று இலையை முகர்ந்தும் உண்ணாதிருந்து, எருவும் இடாவிட்டால், மறுநாள்வரை காத்திராது அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.