பீரோவா, ஆடிட்டரா, டிரைவா, டேட்டா ரூமா?

2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. தை மாதம் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மணலூர்பேட்டையும் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. இந்தக் கரையோரம் அரிசி ஆலையோ கிடங்கோ நடத்துகிறவர்கள், வெளியாரிடம் முதலீடு கேட்கப் போகுமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: மூலப்பத்திரம் இருக்கும் பீரோ தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது?

பணம் போட வருகிறவர் கை கொடுத்துவிட்டு அனுப்புவது ஒரு கேள்விப் பட்டியல். டியூ டிலிஜென்ஸ் என்பார்கள். நூறு, இருநூறு கேள்விகள் சாதாரணமாக வரும். பங்குதாரர் யார் யார், நிலம் யார் பெயரில், கடன் எவ்வளவு, வழக்கு உண்டா, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை எப்போது முடிகிறது, பிஎஃப் கட்டியாயிற்றா. எல்லாவற்றுக்கும் காகிதத்தோடு பதில் வேண்டும். அந்தக் காகிதங்களை எப்படி அடுக்கி வைப்பது என்பதற்கு நம் ஊர்க்காரர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பீரோ. அசல் பத்திரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, அதுவும் மாடியில் இருந்தால். ஆனால் பதில் சொல்ல பீரோ போதாது. சென்னையில் இருக்கும் மூன்று பேர் ஒரே நாளில் மூன்று ஃபைல் கேட்டால், ஜெராக்ஸ் கடைக்கும் ஆலைக்கும் நடந்தே பொழுது போய்விடும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது. வரிக் கணக்கு அவரிடம் ஒழுங்காக இருக்கும். வாடகை ஒப்பந்தமும் கொதிகலன் சான்றும் ஆட்களின் வருகைப் பதிவும் அவரிடம் இருக்காது. மேலும் மாதம் 20-ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி வேலையில் மூழ்கியிருப்பவரிடம் முதலீட்டாளரின் அவசரம் எடுபடாது. கணக்குப் பகுதிக்கு மட்டும் அவரை நம்புங்கள்.

மூன்றாவது, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பும் ஒரு எக்செல் அட்டவணையும். நான்காவது, கட்டணம் வாங்கும் டேட்டா ரூம். அதில் யார் எந்தப் பக்கத்தை எப்போது திறந்தார் என்று பதிவாகும், தரவிறக்கத்தைத் தடுக்கலாம், பக்கத்தின் மேல் பார்ப்பவர் பெயரையே அச்சாக ஓட விடலாம். பெரிய முதலீட்டாளர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் போட்டியிடும்போது அது தேவைதான். ஒரே முதலீட்டாளரோடு பேசும் ஓர் ஆலைக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அசலை பீரோவில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து விடாதீர்கள். ஆட்களின் ஆதாரும் சம்பளப் பட்டியலும் அதில் இருக்கும். பார்ப்பவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

டிரைவைவிட முக்கியம் அந்த எக்செல் அட்டவணை. ஒரு கேள்விக்கு ஒரு வரி. கேள்வி எண், பதில், ஆதாரக் காகிதத்தின் எண், எந்தத் தேதி நிலவரம், பதில் சொன்னவர் யார். காகித எண்ணும் பிடிஎஃப் கோப்பின் பெயரும் பீரோ ஃபைலின் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அடுத்த முதலீட்டாளரோ வங்கியோ கேட்கும்போது பாதிப் பதில் அதில் தயாராக இருக்கும். 2022-23-ல் 30 கோடி ரூபாயோடு தொடங்கிய தமிழக அரசின் எஸ்சி, எஸ்டி ஸ்டார்ட்அப் நிதியை நாடும் கல்வராயன்மலை மலையாளி பழங்குடி இளைஞர்களுக்கும் இதே அட்டவணை உதவும். அந்த நிதியும் பங்கு முதலீடுதான், கேள்வி கேட்காமல் வராது.

இனி, எந்த வழியைத் தேர்ந்தாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள். முதலாவது விற்றுமுதல். கேள்வி ஒரு வரிதான், ஆலையில் அதற்கு மூன்று பதில் இருக்கும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்ட அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. பெரிய மூட்டைக்கு இல்லை. வரி உள்ள விற்பனையை மட்டும் கூட்டினால் ஒரு தொகை, கணக்குப் புத்தகத்தில் தவிடும் உமியும் சேர்ந்து வேறு தொகை, வங்கி வரவில் இன்னொன்று. மூன்றும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரே பக்கத்தில் நீங்களே எழுதி வையுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் அதே வேறுபாடு ஒளிவுமறைவாகத் தெரியும். 2009 ஜனவரி 7-ல் சத்யம் நிறுவனத் தலைவர் எழுதிய கடிதத்தில், ஏட்டில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதை அறிந்தவர் எவரும் உங்கள் பாஸ்புக் நகலோடு நிற்க மாட்டார், வங்கியிடமே நேரடியாக உறுதி கேட்பார்.

சரக்கு இருப்பும் அப்படித்தான். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை முகவராக இருந்தால் களத்தில் கிடக்கும் கழகத்தின் நெல் உங்களுடையது அல்ல, அரவைக் கூலி மட்டுமே வருமானம். சொந்த நெல்லைத் தனி வரியில் காட்டுங்கள்.

அடுத்தது ஊர்ப் பெயர். மணலூர்பேட்டைப் பகுதியின் பழைய பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம், 1993-க்குப் பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. ஜிஎஸ்டி பதிவில் ஒன்று, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தில் ஒன்று என்று கிடந்தால், வேறு வேறு இடமோ என்ற சந்தேகம் வெளியூர் வழக்கறிஞருக்கு வருவது நியாயம். பத்திரத்தின் பழைய சர்வே எண், இன்றைய பட்டாவின் உட்பிரிவு எண், வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, மாவட்டம் பிரிந்த விவரத்தை இரண்டு வரியில் குறித்துவிடுங்கள்.

பங்குதான் எல்லாவற்றிலும் கடுமை. மச்சான் ஐந்து லட்சம் போட்டார், பங்கு பிறகு தரலாம் என்று விட்ட கதை குடும்பக் கம்பெனிகளில் ஏராளம். பங்குக்கு என்று வாங்கிய பணத்துக்கு 60 நாளில் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லையேல் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அது டெபாசிட் ஆகிவிடும். உறுப்பினர் பதிவேட்டை முதல் வேலையாக எடுத்து, ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் வங்கி வரவோடும் கம்பெனிப் பதிவாளருக்குப் போன படிவத்தோடும் ஒத்துப் பாருங்கள். விட்டுப்போனதை கம்பெனி செக்ரட்டரியிடம் காட்டுங்கள். பழைய தேதியிட்டுக் காகிதம் தயாரிக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பதில் இல்லாத கேள்வியை வெற்றாக விடக்கூடாது. 'பொருந்தாது', 'இல்லை', 'இந்தத் தேதிக்குள் தருகிறோம்' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். அனுப்பிய நாளில் முழு அட்டவணையையும் நகலெடுத்து, தேதியிட்டு, யாரும் திருத்த முடியாதபடி தனியே வையுங்கள். பின்னால் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் 'நாங்கள் சொன்னதெல்லாம் உண்மை' என்ற உறுதிமொழியின் கீழ் உங்கள் பெயர் இருக்கும். என்றைக்கு என்ன சொன்னோம் என்று காட்ட அந்த நகல் வேண்டும்.