பழைய ஜீப்பில் வேறு என்ஜின்: மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாகனம்: கேள்வி-பதில்

கேள்வி: அப்பா வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1993 மாடல், பியூஜோ டீசல் என்ஜின், ஃபோர் வீல் டிரைவ். ஏலத்தோட்டத்துக்குப் போய்வர இதை விட்டால் வேறு வண்டி இல்லை. இப்போது போடிமெட்டு ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே திணறுகிறது, புகை தள்ளுகிறது, ஆயிலும் குறைகிறது. “பொலேரோ டிஐ என்ஜினைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம், பறக்கும்” என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் பழைய என்ஜினுக்கு என்ன நோய் என்று பார்க்க வேண்டும். புகையின் நிறமே பாதி சொல்லிவிடும். கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது பம்ப் அளவுக்கு மேல் டீசல் தள்ளும். இரண்டுக்கும் என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டர், டைமிங், ஹெட் கேஸ்கெட் மூன்றையும் சோதியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் குறைகிறது என்று நீங்களே சொல்வதால், என்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அந்த வழியாகப் புகை குபுகுபுவென வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தால் எந்த சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும்.

தேய்மானம் மட்டும்தான் என்றால் போர் எடுத்தோ லைனர் மாற்றியோ, கிராங்கைக் கிரைண்டிங் செய்தோ அதே என்ஜினை மீட்டுவிடலாம். பிளாக்கிலேயே விரிசல் விழுந்திருந்தால்தான் வேறு என்ஜின் என்ற பேச்சே எழ வேண்டும். அப்போதும் என் முதல் தேர்வு அதே ரக பியூஜோ என்ஜின்தான். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர், 83 மி.மீ. ஸ்ட்ரோக், 2112 சிசி. 62 குதிரைத்திறன் கிடைப்பது 4500 ஆர்.பி.எம்.மில், டார்க் சுமார் 121 நியூட்டன் மீட்டர். டிஐ என்ஜினுக்குப் போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6 மி.மீ.; 2523 சிசி. அதுவும் 63 குதிரைத்திறன்தான், ஆனால் 3200 ஆர்.பி.எம்.மிலேயே அது வந்துவிடுகிறது. டார்க் சுமார் 180. குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஓட்டும்போது இரண்டும் வெவ்வேறு வண்டி.

ஏற்றத்தில் டிஐ நன்றாக இழுக்கும். அதில் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. ஆனால் தரைச் சாலைக்கு இறங்கியதும் நிலைமை மாறும். உங்கள் ஆக்சில் விகிதம் 5.38, டயர் 6.00-16 என்று வைத்துக்கொள்வோம். டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். டாப் கியரில் பியூஜோ 4500 சுற்றில் ஏறக்குறைய 110 கி.மீ. வேகக் கணக்கு தரும். டிஐ தன் 3200 சுற்றை எட்டும்போது வண்டி 78 கி.மீ.யில்தான் இருக்கும். போடியிலிருந்து தேனி போகும் வழியெல்லாம் என்ஜின் கத்திக்கொண்டே வரும். அடுத்தது, பாதிக்குப் பாதி கூடிய டார்க்கை அந்தப் பழைய கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஆக்சில் ஷாஃப்ட்டும் தாங்க வேண்டும். முதல் கியரில், லோ ரேஞ்சில், தோட்டத்துச் சேற்றில் சுமையோடு கிளட்சை விடும்போதுதான் ஷாஃப்ட் முறியும்.

இடப் பிரச்சினையும் இருக்கிறது. ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட் போகின்றன. நடுவில் அடாப்டர் தட்டு வைத்து கியர்பாக்ஸ் இரண்டு அங்குலம் பின்னால் தள்ளிப்போனால், பின்ஷாஃப்ட் குட்டையாகும், முன்ஷாஃப்ட் நீளும். இரண்டின் கோணமும் மாறும். தட்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இன்புட் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள பைலட் பேரிங் சீக்கிரம் போய்விடும், கியர்பாக்ஸ் அலற ஆரம்பிக்கும். பெல் ஹவுசிங்கை மாட்டியதும் டயல் கேஜ் வைத்து மையம் பார்க்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். டிஐ-தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் என்ஜினைத் தனியாக வாங்காமல் பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், மவுண்ட் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுங்கள்.

கேள்வி: என் ஜீப்பில் ஏற்கெனவே டிஐ என்ஜின் மாற்றியிருக்கிறது. வேகம் போதவில்லை என்று பின் ஆக்சிலில் மட்டும் 4.88 கிரவுன்-பினியன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். முன்னால் 5.38 அப்படியே இருக்கலாமா?
– வாசகர், வால்பாறை

பதில்: கூடவே கூடாது. டூ வீலில் ஓடும்வரை எதுவும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்தில் சுற்றும். அப்போது முன் சக்கரம் 10 மீட்டர் ஓடும் நேரத்தில் பின் சக்கரம் 11 மீட்டர் ஓடப் பார்க்கும். அந்த ஒரு மீட்டர் எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். கெட்டியான தரையில் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கேறும், லீவர் சிக்கி வெளியே வராது, கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். மாற்றினால் இரண்டு ஆக்சிலையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இதைச் சோதித்துக்கொள்ளலாம். தரை சமமான இடத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஐந்தை எட்டச் சற்றுக் குறைந்தால் 4.88, ஐந்தைத் தாண்டி மூன்றிலொரு பங்கு போனால் 5.38. முன் ஆக்சிலிலும் இதே போல எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: என்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டுமா? “ஓல்டு வண்டிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்” என்கிறார்கள்.
– வாசகர், கூடலூர்

பதில்: பார்ப்பார்கள். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரிபார்க்கப்படும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். எண் பொருந்தாவிட்டால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

அதே தயாரிப்பு, அதே ரக என்ஜினுக்கு மாறும்போது எண் மட்டும்தான் மாறுகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பது எளிது. சிசியோ ரகமோ மாறினால் மறுத்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே என்ஜினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்குங்கள். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். விற்பவரிடம் பில்லும், என்ஜின் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான ஆவணமும் கட்டாயம் கேளுங்கள். பிளாக்கில் எண் உள்ள இடத்தில் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, பில்லோடு ஒத்துப் பாருங்கள். அந்த இடம் அரத்தால் ராவியது போல இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்த என்ஜின் வேண்டாம். அது திருட்டு வண்டியுடையதாக இருந்தால் வண்டியோடு நீங்களும் காவல் நிலையம் போக நேரிடும்.